சிவப்புப் பெட்டி படத்தில் ஏன் சாயம் அப்பியதுபோல் விழுகிறது?

கேள்வி: இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் முதுகலை படிக்கிறேன். கேமராவுடன் 18–55, 55–250 மில்லிமீட்டர் என்று இரண்டு லென்ஸ்கள் வைத்திருக்கிறேன். புகழ்பெற்ற கோபுரங்களைவிடத் தபால் பெட்டி, தொலைபேசிக் கூண்டு, நீராவி ரயில், கடற்பறவை என்று இந்த நாட்டின் அன்றாட அடையாளங்களைப் படமெடுக்கவே விருப்பம். ஆனால் வானம் எப்போதும் வெளுத்துக் கிடக்கிறது. சிவப்பு நிறம் சாயம் அப்பியதுபோல் விழுகிறது. தெருவில் கேமராவை எடுத்தால் யாராவது தடுப்பார்களோ என்ற தயக்கமும் இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் கருவிகள் போதும், புதிதாக எதுவும் வாங்காதீர்கள். முதலில் வானத்தைப் படத்திலிருந்து வெளியேற்றுங்கள். மேகம் மூடிய நாளில் சட்டத்துக்குள் மிகவும் பிரகாசமான பகுதி வானம்தான். அது ஒரு மூலையில் எட்டிப் பார்த்தாலும் கண் அங்கேயே ஓடும். நீங்கள் இரண்டடி நகர்ந்தால் பெட்டிக்குப் பின்னால் வானத்துக்குப் பதிலாகச் செங்கல் சுவரோ, யார்க்ஷயரின் கறுத்த மணற்கல்லோ, வேலிச் செடியோ வந்துவிடும். நிழலே விழாத அந்த மென்மையான ஒளியில் நிறங்கள் செறிவாகத் தெரியும்.

சிவப்பு கெடுவதற்குக் காரணம் வேறு. கேமரா சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்றையும் தனித்தனியாகப் பதிவு செய்கிறது. தபால் பெட்டியின் அடர்சிவப்பில் சிவப்புப் பதிவு மட்டும் முந்திக்கொண்டு உச்சத்தைத் தொட்டுவிடும். மொத்த வெளிச்சம் சரியாக இருப்பதாகவே கேமரா காட்டும், ஆனால் பெட்டியின் வளைவும் வண்ணப்பூச்சின் தடிப்பும் அழிந்திருக்கும். எனவே மூன்று நிறங்களையும் பிரித்துக் காட்டும் ஹிஸ்டோகிராமை, அதாவது இடமிருந்து வலமாக இருள் முதல் வெளிச்சம் வரை காட்டும் வரைபடத்தைக் கேமராத் திரையில் பாருங்கள். சிவப்பு வலது ஓரத்தில் முட்டினால் எக்ஸ்போஷரை, அதாவது பதிவாகும் ஒளியின் அளவை, மூன்றில் இரண்டு ஸ்டாப் (ஒளியளவின் படி) குறையுங்கள். நிறச் சமநிலையைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸை மேகமூட்டத்துக்கான அமைப்புக்கு மாற்றுங்கள். மழையில் நனைந்த பெட்டி என்றால், பிரதிபலிப்பைக் குறைக்கும் போலரைசர் ஃபில்டர் கையில் இருந்தால் அதை மெல்லத் திருப்பி, வானத்தின் வெண்பிரதிபலிப்பு மறையும் இடத்தில் நிறுத்துங்கள். 18 மில்லிமீட்டரில் நெருங்கி எடுக்காதீர்கள். தள்ளி நின்று, கேமராவை நெஞ்சுயரத்தில் நேராகப் பிடித்து 50 மில்லிமீட்டரில் எடுத்தால் பெட்டி சாயாமல் நிற்கும்.

இனி, படத்தில் எது இருக்க வேண்டும் என்பதைப் பார்ப்போம். இதில்தான் எனக்கு அக்கறை அதிகம். பெட்டியின் முகப்பில் அது நிறுவப்பட்ட காலத்து அரசரின் பெயரெழுத்து இருக்கும். அது படிக்கும்படி விழாவிட்டால் ஆயிரம் பேர் எடுத்த அதே படத்தைத்தான் நீங்களும் எடுத்திருக்கிறீர்கள். வி.ஆர். (ஆர். என்பது அரசர் அல்லது அரசி என்பதற்கான லத்தீன் சொல்லின் முதலெழுத்து) என்றால் விக்டோரியா காலம், 1901க்கு முற்பட்டது. எண் இல்லாத ஜி.ஆர். ஐந்தாம் ஜார்ஜ். நடுவில் ரோம எண் ஆறு இருந்தால் ஆறாம் ஜார்ஜ். ரோம எண் எட்டுடன் இ.ஆர். கண்ணில் பட்டால் அன்றைய மற்ற வேலைகளை ஒத்திப் போடலாம்: எட்டாம் எட்வர்ட் 1936இல் ஓராண்டுகூட ஆளவில்லை, அவர் பெயர் தாங்கிய பெட்டிகள் மிக அரிது. மூன்றாம் சார்லஸின் எழுத்துடன் முதல் பெட்டி 2024இல்தான் கேம்பிரிட்ஜ்ஷயரில் வந்தது. ஸ்காட்லாந்து போனால் இரண்டாம் எலிசபெத்தின் எழுத்தைத் தேடாதீர்கள். முதலாம் எலிசபெத் அந்த நாட்டை ஆண்டதே இல்லை, பிறகு இவர் எப்படி இரண்டாமவர் ஆவார் என்று அங்கே எதிர்ப்பு எழுந்தது. எடின்பரோவின் இஞ்ச் பகுதியில் அவர் எழுத்துடன் வைத்த பெட்டியை 1953இல் வெடி வைத்தே தகர்த்தார்கள். அதன் பிறகு அங்கே ஸ்காட்லாந்தின் மகுடம் மட்டும் பொறித்த பெட்டிகள் வந்தன.

பழைய பெட்டிகளில் பூச்சுமேல் பூச்சாக அடித்து அந்த எழுத்துகள் மழுங்கிப் போயிருக்கும். மேகமூட்ட ஒளி அவற்றை எடுத்துக் காட்டாது, பக்கவாட்டு ஒளி வேண்டும். லீட்ஸில் டிசம்பர் நடுப்பகலில்கூடச் சூரியன் அடிவானத்திலிருந்து சுமார் 13 பாகைதான் ஏறுகிறது. குளிர்காலத்தில் வெயில் வந்தாலே அது சாய்ந்த வெயில்தான். கிழக்கோ மேற்கோ பார்த்து நிற்கும் பெட்டியாகத் தேர்ந்தெடுத்து நண்பகலில் போனால், தெற்கிலிருந்து வரும் ஒளி முகப்பை உரசிச் சென்று எழுத்தை மேலெழச் செய்யும். வெயிலே வராவிட்டால் நண்பர் ஒருவர் பக்கத்திலிருந்து கைவிளக்கு அடித்தால் போதும்.

எல்லாப் பெட்டியும் சிவப்பு அல்ல. உங்கள் நகரின் மையத்திலேயே பொன்னிறப் பெட்டி ஒன்று இருக்கிறது. 2012 ஒலிம்பிக்கில் குத்துச்சண்டையில் தங்கம் வென்ற நிக்கோலா ஆடம்ஸுக்காக அந்த நிறம். தொலைபேசிக் கூண்டுகளில் நீங்கள் அதிகம் காண்பது கைல்ஸ் கில்பர்ட் ஸ்காட் 1935இல் வடிவமைத்த கே6. லண்டனில் எஞ்சியிருக்கும் பழைய கே2 அதைவிடப் பெரியது, அதன் கண்ணாடிகள் எல்லாம் ஒரே அளவு. கே6இல் நடுக் கண்ணாடி அகலம், ஓரத்தவை குறுகல். ஊர்ப்புறங்களில் பல கூண்டுகளுக்குள் இப்போது இதயத்துடிப்பை மீட்கும் கருவியோ, ஊரார் மாற்றிப் படிக்கும் புத்தகங்களோ இருக்கின்றன. கதவைத் திறந்து உள்ளே இருப்பதையும் எடுங்கள், அந்தப் படம்தான் இன்றைய பிரிட்டனைச் சொல்லும்.

நீராவி ரயிலுக்கு லீட்ஸிலிருந்து பக்கத்திலேயே இருக்கும் கீத்லி போங்கள். கீத்லியிலிருந்து ஆக்ஸன்ஹோப் வரை ஐந்து மைல், 1968 முதல் ஆர்வலர்கள் நடத்தும் பாதை. கீத்லியை விட்டதும் ஏற்றம். மேலே ஏறும் வண்டி மூச்சிரைத்துப் புகை கக்கும். கீழே இறங்குவது பெரும்பாலும் உருண்டே வரும், புகைபோக்கியில் ஒன்றும் இருக்காது. ஆக்ஸன்ஹோப் நோக்கிப் போகும் வண்டியையே எடுங்கள். கோடையைவிடக் குளிர்நாள் மேல், ஏனென்றால் குளிர்ந்த காற்றில்தான் நீராவி உடனே குளிர்ந்து நீர்த்துளிகளாகி வெண்மேகமாகத் திரளும். கறுப்பு எஞ்சினும் வெள்ளை ஆவியும் ஒரே படத்தில் வருவதால் ரா கோப்பாக (கேமரா பதிந்த விவரம் முழுவதும் அடங்கிய கோப்பு) எடுத்து, ஆவியின் வெண்மை கெடாமல் அளந்துகொள்ளுங்கள், கறுப்பைப் பிறகு மீட்டுவிடலாம். ஷட்டர் வேகம் நொடியில் 500இல் ஒரு பங்கு போதும். நிற்க வேண்டிய இடம் பொதுப்பாலம், நடைபாதை, நடைமேடை. தண்டவாளப் பாதைக்குள் கால் வைப்பது சட்டப்படி குற்றம், அதோடு உயிருக்கும் ஆபத்து.

பஸ் படம் எடுக்கும்போது முன்பலகையில் ஊர்ப்பெயர் பாதி அறுந்து விழுந்தால் கேமராவில் கோளாறு இல்லை. எல்இடி விளக்குகள் கண்ணுக்குத் தெரியாமல் விட்டு விட்டு எரிகின்றன. ஷட்டரை 100இல் ஒரு பங்குக்கோ அதற்கும் கீழோ இறக்கிப் பாருங்கள்.

உங்கள் தயக்கத்துக்கு வருகிறேன். பொது இடத்தில் நின்று படமெடுக்க அனுமதி எதுவும் தேவையில்லை. லண்டன் பெருநகரக் காவல்துறையே இதைத் தன் வழிகாட்டலில் தெளிவாக எழுதியிருக்கிறது. வணிக வளாகம் போன்ற தனியார் இடங்களில் உரிமையாளர் வைத்ததுதான் விதி. நிறுத்தச் சொன்னால் நிறுத்திவிடுங்கள். ரயில் நிலையங்களில் சொந்தப் பயன்பாட்டுக்கு எடுக்கலாம், ஃபிளாஷ் மட்டும் கூடவே கூடாது. 1988ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 62ஆம் பிரிவு, கட்டடங்களையும் பொது இடத்தில் நிலையாக உள்ள சிற்பங்களையும் படமெடுத்து வெளியிட இடம் தருகிறது. சுவரோவியங்கள் இந்த விலக்கில் அடங்காது. அவற்றை விற்பனைக்கான அட்டைகளில் போடுமுன் ஓவியரிடம் கேளுங்கள்.

பறவைகளில் கவனம் இன்னும் அதிகம் வேண்டும். லீட்ஸ்–லிவர்பூல் கால்வாய்க் கரையில் மீன்கொத்தியைக் கண்டால், அதன் வளைப் பக்கம் போகாதீர்கள். 1981ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி மீன்கொத்தி, கூகை போன்றவற்றைக் கூட்டருகே தொந்தரவு செய்வதே குற்றம். படத்துக்காகத்தான் போனேன் என்ற சமாதானம் செல்லாது.

உங்கள் 250 மில்லிமீட்டருக்கு ஏற்ற இடம் யார்க்ஷயர் கரையின் பெம்ப்டன் சுண்ணாம்புப் பாறைகள். எல்லோரும் ஏப்ரல் முதல் ஜூலை வரை பஃபின் என்ற கடற்பறவையைத் தேடிப் போகிறார்கள். அது பாறை இடுக்கில் தொலைவில் அமர்ந்து, உங்கள் லென்ஸில் புள்ளியாகத்தான் விழும். நீங்கள் கேனட் பறவையை எடுங்கள். சிறகு விரித்தால் கிட்டத்தட்ட இரண்டு மீட்டர். பாறையில் மோதி எழும் காற்றில் மிதந்து கண் மட்டத்துக்கே வந்து நிற்கும். 1600இல் ஒரு பங்கு ஷட்டர் வையுங்கள், வெண்மை வெளிறாதபடி எக்ஸ்போஷரைச் சற்றுக் குறையுங்கள். ரயிலில் ஹல் வழியாகப் போனால் பெம்ப்டன் நிலையத்திலிருந்து நடந்தே சென்றுவிடலாம். ஹல்லில் வண்டி மாறும்போது ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். தொலைபேசிச் சேவையை நகராட்சியே நடத்திய ஊர் என்பதால் அங்கே கூண்டுகள் சிவப்பாக இல்லை, பாலாடை நிறம், மகுடமும் கிடையாது. எடுத்த படம் ஒவ்வொன்றுக்கும் இடம், தேதி, பெயரெழுத்து மூன்றையும் அன்றிரவே குறித்து வையுங்கள்.