அக்காவின் சீட்டுக் காசில் ரீசேட்

கேள்வி: முல்லைத்தீவு மாவட்டத்தில் ஒரு கிராமத்து விளையாட்டுக் கழகத்தின் செயலாளர் நான். எங்கள் முன்பள்ளியின் கூரைத்தகடு துருப்பிடித்து ஒழுகுகிறது. அதை மாற்ற நிதி வேண்டும். ஊர்ப் பெயரும் கழகச் சின்னமும் போட்டு 200 ரீசேட் அடித்து விற்கலாம் என்று யோசிக்கிறோம். பின்பக்கத்தில் நிர்வாக சபையின் 11 பேரின் பெயரும் வரும். ஒன்றுக்கு 1,100 ரூபா முடிகிறது, 1,500க்கு விற்கலாம். விருந்தினருக்கும் நிர்வாகத்துக்கும் 20 இலவசம். முதலுக்குப் பிரச்சினை இல்லை. கார்மென்ற்சில் வேலை செய்யும் அக்கா தன்னுடைய இரண்டரை இலட்ச ரூபாச் சீட்டை 25,000 கழிவில் எடுத்துத் தந்துவிட்டா. வீட்டுப் பூச்சு வேலைக்கென்று போட்ட சீட்டு, ஆனால் அக்கா ஒன்றும் சொல்லவில்லை. இன்னும் ஓடர் கொடுக்கவில்லை. விலையைக் கூட்டலாமா? வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலில் விற்கலாமா? வெளிநாட்டில் உள்ளவர்களுக்கு எப்படி விற்பது?

பதில்: தம்பி, ஊருக்கு நல்லது செய்ய வெளிக்கிட்ட பிள்ளைகளின் கடிதம் எனக்கு நிறைய வருகிறது. எல்லாவற்றிலும் "முதலுக்குப் பிரச்சினை இல்லை" என்று ஒரு வரி இருக்கும். அதற்குப் பின்னால் தாலிக்கொடியோ, தோடோ, சீட்டோ ஒன்று நிற்கும். உம்முடையதில் நிற்பது அக்கா. அவவைப் பற்றி இரண்டு வரி எழுதிவிட்டு உடனே விலைக்குப் போய்விட்டீர்.

நீர் தந்த கணக்கையே பார்ப்போம். 200 ரீசேட்டுக்கு 2,20,000. அக்கா விட்ட கழிவு 25,000. அது சீட்டில் இருக்கிற மற்ற ஆட்களுக்குப் பிரிந்து போன காசு, திரும்பி வராது. ஆக மொத்தச் செலவு 2,45,000. 1,500 படி விற்றால் 164ஆவது ரீசேட்டில்தான் அந்தச் செலவு மீளும். அதுவரைக்கும் கூரைக்கு ஒரு சதமும் இல்லை. இலவசம் 20 போக மிச்சம் 180. அவ்வளவும் விற்று, கடன் சொன்னவர்கள் எல்லோரும் காசு தந்து முடித்தால், கூரைக்கு மிஞ்சுவது 25,000.

அந்தத் தொகையை வேறெங்காவது கண்டீரா? அக்கா கழிவில் விட்டதும் அதேதான். அவ அந்த 25,000ஐ நேரே முன்பள்ளிக்குக் கொடுத்திருந்தால், ஒரு ரீசேட்டும் அடிக்காமல் கூரைக்கு அதே காசு போயிருக்கும். கழிவை அவவுக்குத் திருப்பாமல் கூரைக்கு 50,000 என்று காட்டினால், அதில் பாதி கழகம் சேர்த்த நிதி இல்லை தம்பி, அக்காவிடம் வாங்கிய நன்கொடை. அவவுக்கு அது தெரியாது, உமக்கும் தெரியவில்லை.

"ஒன்றும் சொல்லவில்லை" என்கிறீர். கேட்டீரா? கேட்டால்தானே சொல்ல. விடியமுன் எழும்பி, சோறு கட்டிக்கொண்டு, கார்மென்ற்ஸ் பஸ் பிடித்து, நாள் முழுக்க ஆரோ போடப்போகிற சட்டைக்குக் கை பொருத்தி, மணித்தியாலத்துக்கு இத்தனை என்ற கணக்கை முடித்துவிட்டு இருட்டில் வந்து இறங்குகிற பொம்பிளை. வாசலில் தம்பி ஊருக்கு நல்லது செய்யப்போகிறேன் என்று நிற்கிறான். அவ என்னத்தைச் சொல்லுவா? எங்கள் வீடுகளில் மூத்த பெண்பிள்ளை பேசாமல் இருந்தால் அதைச் சம்மதம் என்று எழுதிக்கொள்வது ஆம்பிளைப் பிள்ளைகளுக்குப் பழகிப்போன வேலை. 2009க்குப் பிறகு வன்னியில் எத்தனை குடும்பங்கள் ஒரு அம்மாவின் அல்லது ஒரு அக்காவின் உழைப்பில் எழும்பின என்று உமக்கு நான் சொல்லத் தேவையில்லை. அந்தக் கடனைத் தீர்க்காமல் ஊருக்குக் கொடைவள்ளலாக நிற்பதை நான் பொதுச்சேவை என்று ஏற்கமாட்டேன். இதில் எனக்கு விட்டுக்கொடுப்பு இல்லை.

அதோடு, அது பூச்சுக்குப் போட்ட சீட்டு. எங்கள் பக்கத்தில் பூசாத வீடுகள் எத்தனை! இந்திய வீட்டுத்திட்டத்தில் ஐந்தரை இலட்சத்தைக் கட்டம் கட்டமாகக் கொடுத்தார்கள். சாமான் விலை ஏற ஏற, சுவரும் கூரையும் முடிந்ததோடு நின்றுபோன வீடுகள் கனக்க. உங்கள் வீடு எந்தத் திட்டமோ தெரியாது, மாரி வந்தால் பூசாத சுவர் ஈரம் குடிக்கும், அதற்குத் திட்டம் தெரியாது. முன்பள்ளிக்கு ஒழுகாத கூரை வேண்டும், சரி. அக்கா படுக்கிற அறைச் சுவர் நனையலாமா?

பின்பக்கத்தில் 11 பெயர் என்று எழுதியிருக்கிறீர். முழு முதலும் போட்டவவின் பெயர் அதில் இல்லை. அந்தப் பெயர்களை முதலில் எடும். உங்கள் 11 பேரின் பெயரை முதுகில் சுமந்து திரிய வேறு ஆரும் 1,500 ரூபா தரமாட்டார்கள். ஊரின் பெயருக்குத் தருவார்கள்.

இனி வேலைக்கு வருவோம். ரீசேட் மோசமான யோசனை இல்லை, முதல் போட்டுச் செய்வதுதான் பிழை. ஒரு கொப்பியை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போங்கள், 11 பேரும். பெயர், சைஸ், அரைவாசி முற்பணம். காசு தராத வாக்கை எழுத வேண்டாம். இப்படிச் செய்தால் சைஸ் பிரச்சினையும் தீரும். ஊகத்தில் அடித்தால் நடு சைஸ் முடிந்துபோக, ஆகச் சின்னதும் ஆகப் பெரியதும் கழக அலுமாரியில் கிடக்கும். ஸ்கிரீன் பிரிண்டில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனித் திரைச் சட்டம் செய்ய வேண்டும், 20 அடித்தாலும் 200 அடித்தாலும் அந்தச் செலவு ஒன்றுதான். அதனால்தான் அச்சடிப்பவர் கூட அடிக்கச் சொல்லுவார். சின்னத்தை ஒரே நிறத்துக்குக் குறைத்தால் 60 ரீசேட்கூடக் கட்டுப்படியாகும். ஜேர்சிக்கு அடிக்கிற சப்ளிமேஷன் முறை பொலியெஸ்ரர் துணிக்குத்தான், பருத்தியில் நிற்காது. இலவசம் ஒன்றும் வேண்டாம். பிரதம விருந்தினரும் காசு கொடுத்தே வாங்கட்டும், அதுதான் அவருக்கும் மரியாதை.

வற்றாப்பளை வேண்டாம். வைகாசிப் பொங்கலுக்கு அவ்வளவு சனம் வரும், உண்மைதான். ஆனால் நேர்த்திக்கு வருகிற சனம் உங்கள் கழகத்தின் சின்னத்தை என்ன செய்யும்? ஆம்பிளைகள் சட்டையைக் கழற்றிவிட்டுக் கும்பிடப் போகிற இடத்தில் சட்டை விற்கிற யோசனை உமக்கு எப்படி வந்ததோ!

வெளிநாட்டுக்கு இங்கேயிருந்து பொதி அனுப்ப வேண்டாம், தபால் செலவு இலாபத்தை விழுங்கிவிடும். யூலை, ஓகஸ்ட் விடுமுறைக்கு வருகிற ஊர் ஆட்களிடம் இப்போதே ஓடர் எடும், வந்து வாங்கிக்கொண்டு போகட்டும். அங்கே இருக்கிற ஒருவர் பொறுப்பெடுத்தால் படத்தை அனுப்பும், அங்கேயே அடித்து விற்று இலாபத்தைக் கழகக் கணக்கில் போடட்டும்.

விலை 1,500 இருக்கட்டும்.

ஆனால் இதெல்லாம் அக்காவின் காசு அவவின் கைக்குப் போன பிறகு. இன்னும் ஓடர் கொடுக்கவில்லை என்கிறீர், அப்படியென்றால் காசு உம்மிடம்தான் இருக்கிறது. இன்றைக்கு இரவு அவ பஸ்ஸால் இறங்கி வந்ததும் முழுதாகக் கொடும். போன 25,000ஐ 11 பேரும் பிரித்துக் கட்டுங்கள், ஆளுக்கு 2,300 கூட வராது. அந்தச் சீட்டுக்கு அக்கா இன்னும் எத்தனை மாதம் கட்ட இருக்கிறது என்று உமது கடிதத்தில் இல்லை. அதைக் கேட்டு எனக்கு எழுதும்.