உவர்மலை ரீச்சரிடம் கேளுங்கள்: புரட்சியும் ஓவியமும்

திருகோணமலையில் முப்பது வருடம் சித்திரம் படிப்பித்தவள் நான். ஒரே நிபந்தனை: சம்பவம் நடந்த ஆண்டையும் படம் கீறிய ஆண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்துவிட்டுக் கேளுங்கள்.

நிலாவெளி: கொடி தூக்கிய பெண் படம் பிரெஞ்சுப் புரட்சிதானே ரீச்சர்?

இல்லை. அது 1789. பிரெஞ்சு ஓவியர் டெலக்ருவா கீறியது 1830 ஜூலையில் பாரிஸ் மூன்று நாள் கொதித்தெழுந்து பத்தாம் சார்லஸைத் துரத்தியதை. தெருவில் இறங்கிச் சண்டை போடாத மனுஷன், தூரிகையையாவது எடுத்தார். புதிய அரசு 1831 இல் படத்தை வாங்கியது; கொஞ்ச நாளில் சனம் பார்க்காதபடி எடுத்தும் வைத்தது. தன்னை அரியணையில் ஏற்றிய கூட்டத்தின் மேலேயே புதிய அரசனுக்குப் பயம்.

கிண்ணியா, ஓ.எல். மாணவி: மாட்ரிட்டில் பிரெஞ்சுப் படை மே 3 ஆம் திகதி சனத்தைச் சுட்டுக்கொன்றதை ஸ்பானிய ஓவியர் கோயா பார்த்துக் கீறினாரா?

ஆண்டைப் பார் பிள்ளை. சூடு 1808, படம் 1814. பிரெஞ்சுப் படை போன பிறகு, அரசிடம் பண உதவி கேட்டுக் கீறியது. ஆனால் அதே போரைப் பற்றிச் செம்புத் தகட்டில் அவர் செய்த அச்சுப் படங்களை உயிரோடு இருந்தவரை வெளியிடவில்லை. 1828 இல் இறந்தார், அவை வெளிவந்தது 1863 இல். அவற்றில் வீரமரணம் கிடையாது. வெட்டுண்ட உடல்கள், பசி, அவ்வளவுதான். எங்கள் ஊர் அலுமாரிகளிலும் அப்படிச் சில படங்கள் இருக்கின்றன. யாருடையவை என்று கேட்க வேண்டாம்.

மூதூர்: கொடிப் பெண் 1789 தானே?

மேலே வாசியுங்கள்.

பாலையூற்று: 2019 இல் நாங்கள் பெடியள் சேர்ந்து மதிலுக்கு வண்ணம் அடித்தோம். ஊரை வடிவாக்கினோம், அரசியல் இல்லை. அதையும் நீங்கள் குறை சொல்கிறீர்களாம்?

கோட்டாபய ஜனாதிபதியான கையோடுதானே நாடெங்கும் அந்த அலை? அரசர்கள், குளங்கள், படைவீரர்கள். யாரும் ஏவவில்லை என்கிறீர்கள், நம்புகிறேன். 2022 மே மாதம் பிரதமர் பதவியிலிருந்து விலகிய மஹிந்த எங்கள் கடற்படைத் தளத்துக்குள் வந்து இருந்தார், வாசலில் சனம் திரண்டது. அதைக் கீறினீர்களா?

மீண்டும் பாலையூற்று: பிக்காசோவுக்கும் ஸ்பெயின் அரசுதானே ஓடர் கொடுத்தது? அங்கே குவெர்னிக்கா ஊரில் குண்டு விழுந்தது 1937 ஏப்ரல் 26, அதைப் பற்றிய படம் ஜூனில் முடிந்துவிட்டது. உங்கள் ஆண்டுக் கணக்கு என்னாச்சு?

சரியான பிடி. அந்த ஓடர் ஜனவரியிலேயே வந்தது, மாதக்கணக்கில் அவருக்கு விஷயம் அகப்படவில்லை. பத்திரிகையில் செய்தி பார்த்த பிறகு ஒரு மாதச் சொச்சத்தில் ஏறக்குறைய 7.8 மீற்றர் அகலப் படம். கறுப்பு, வெள்ளை, சாம்பல்; பத்திரிகைத் தாளின் நிறங்கள். ஆனால் கொடி இல்லை, விமானம் இல்லை, ஓடர் கொடுத்தவரின் முகமும் இல்லை தம்பி. இன்னொன்று, அவர் இருந்தது பாரிஸில். குண்டு விழும் ஊரில் இருப்பவன் முதலில் தேடுவது பங்கரை.

சம்பூர்: எங்கள் நாட்டில் யார் செய்தார்கள்?

ஓவியர் சந்திரகுப்த தேனுவர, 1997 இல் சோதனைச் சாவடிப் பரல்களையே (பீப்பாய்களையே) கலையாக்கி அதற்குப் ‘பரலிசம்’ என்று பெயரும் வைத்தார். யாழ்ப்பாணத்தில் ஓவியர் சனாதனன், இடம்பெயர்ந்தவர்கள் விட்டுவந்த வீடுகளை நினைவிலிருந்து கீறிய நிலப்படங்களைத் தொகுத்து 2011 இல் நூலாக்கினார். உங்கள் அம்மாவிடம் பழைய வளவைக் கீறச் சொல்லிப் பாருங்கள். வீட்டுக்கு முதல் கிணறு வரும்.

உப்புவெளி: மதிலுக்கு எந்தப் பெயின்ற் நல்லது?

ஹாட்வெயாரில் கேளுங்கள்.

தம்பலகாமம்: கொடிப் பெண்...

1830.

பாலையூற்று: எங்கள் மதில் உரிந்துவிட்டது ரீச்சர். திரும்ப என்ன கீறலாம்?

முதலில் மதில்காரரிடம் கேட்டுவிட்டு வாருங்கள், அப்புறம் பேசுவோம். மூலையில் ஆண்டு எழுத மறக்க வேண்டாம்.