வெளியிலிருந்தே உடம்பின் உள்வெப்பத்தை நுண்ணலையால் அளக்க முடியுமா?

கேள்வி கேட்டவர் திருகோணமலைக்காரர். நிலாவெளிக் கடற்கரை வெயிலில் நடந்து வந்தவரின் நெற்றியில் வெப்பமானியைக் காட்டினால் காய்ச்சல் என்கிறதாம்; உள்ளே இருக்கும் சூட்டை நுண்ணலையால் அளக்கலாமா என்கிறார்.

அளக்கலாம். பயம் வேண்டாம், மைக்ரோவேவ் அடுப்பு மாதிரி உடம்புக்குள் எதையும் அனுப்புவதில்லை. சூடுள்ள எந்தப் பொருளும் தானாகவே கதிர்வீச்சை வெளிவிடும். நம் உடம்பு விடுவதில் பெரும்பங்கு அகச்சிவப்பு. அது தோலின் மேற்பரப்பிலிருந்து மட்டும் வருவதால்தான் நெற்றி வெப்பமானி வெயிலிடம் ஏமாறுகிறது. சில கிகாஹெர்ட்ஸ் நுண்ணலைகளோ கொழுப்பைக் கடந்து சில சென்டிமீற்றர் ஆழத்திலிருந்தும் வெளியே வரும். தண்ணீர் நிறைந்த தசையில் அவ்வளவு ஆழம் கிடைக்காது.

சிக்கல், அந்தச் சமிக்ஞை படு பலவீனம். 500 மெகாஹெர்ட்ஸ் அகலமான அலைவரிசைப் பட்டையில் கேட்டாலும் ஒரு வாட்டின் இலட்சம் கோடியில் இரண்டு பங்குதான். கருவியின் சொந்த இரைச்சலே அதை விழுங்கிவிடும். இதற்கு அமெரிக்க இயற்பியலாளர் ரொபர்ட் டிக்கி 1946இல் வெளியிட்ட வழி அழகானது: அலையை வாங்கும் உணர்கொம்பையும் (அன்டெனா), வெப்பநிலை தெரிந்த ஒரு பொருளையும் வேகமாக மாற்றி மாற்றிப் பார்த்து, வித்தியாசத்தை மட்டும் எடுப்பது. 1970களில் அமெரிக்காவில் பாரெட், மையர்ஸ் இருவரும் இந்த வகைக் கருவியை மார்பகப் புற்றுநோய் தேடலுக்குக் கொண்டுவந்தார்கள். கட்டி இருக்கும் இடம் கொஞ்சம் சூடாக இருக்கக்கூடும் என்பதே காரணம்.

அப்புறம், கிடைப்பது பல ஆழங்களின் கலவைச் சராசரி. பக்கத்தில் கைத்தொலைபேசி தன் அலைகளால் அலறினால் அதுவும் கெடும். வீட்டுக் காய்ச்சலுக்கு நிழலில் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு, கமக்கட்டில் சாதாரண வெப்பமானியை வையுங்கள்.