அந்த நாற்பது பெட்டியைப் பற்றி முதலில் பேசுவோம்

கேள்வி: எங்கள் வீடு கன்னியாகுமரி ஜில்லா குலசேகரம் பக்கம். அப்பா பல வருஷமாகத் தேனீ வளர்க்கிறார். எங்கள் தேனை விற்க ஒரு வெப்சைட் தொடங்கி, அதில் வெப் ஸ்டோரீஸ், அதாவது போனில் ஒவ்வொரு பக்கமாகத் தட்டிப் பார்க்கும் படக்கதைகள், போட்டு வருகிறேன். முதலில், தேடாமலேயே போனில் கூகுள் தானாகக் காட்டும் டிஸ்கவர் பகுதி வழியாக ஒரே நாளில் ஆயிரக்கணக்கில் ஆட்கள் வந்தார்கள். இப்போது தினமும் 3 ஸ்டோரி போட்டாலும் வருவதில்லை. ஆறு பக்கம் வைத்து, மீதியைப் படிக்கக் கடைசிப் பக்கத்தில் சைட்டுக்கு லிங்க் கொடுக்கிறேன். படங்கள் நெட்டில் எடுப்பவை. வீட்டில் சிக்னல் கிடைக்காததால் நாகர்கோவிலில் ரூம் எடுத்து முழுநேரமும் இதைத்தான் பார்க்கிறேன். (கூடமாட ஆள் இல்லாததால் அப்பா இந்த வருஷம் 40 தேனீப் பெட்டியைக் கைமாற்றிவிட்டார், அதனால் சரக்கும் குறைவு.) டிராஃபிக்கைத் திரும்பக் கொண்டுவர என்ன வழி?
– பெயர் வேண்டாம், நாகர்கோவில்

பதில்: தம்பி, உன் முழுக் கடிதம் இரண்டு பக்கம். டிஸ்கவர், கிளிக், இம்ப்ரெஷன் என்று ஒன்றே முக்கால் பக்கம் எழுதிவிட்டு, அப்பா பெட்டியை விற்றதை அடைப்புக்குறிக்குள் ஒரு வரியில் தள்ளியிருக்கிறாய், அதுவும் சரக்கு குறைந்த கணக்கில். கூடமாட ஆள் இல்லை என்கிறாயே, அந்த ஆள் யார்? நாகர்கோவிலில் ரூமுக்குள் உட்கார்ந்து தேனீ படம் தேடிக்கொண்டிருக்கும் நீதான்.

தேன் எடுப்பது ஒருவர் தனியாகச் செய்கிற வேலையா? அப்பா புகை போட்டு, தேனடைச் சட்டத்தைத் தூக்கி, ஒட்டியிருக்கும் தேனீயை உதறி, மேலே மூடியிருக்கும் மெழுகைக் கத்தியால் சீவிக் கொடுத்தால், இன்னொருவர் அதைத் தேன் பிரிக்கும் மிஷினில் வைத்துக் கைப்பிடியைச் சுற்ற வேண்டும். மாசி, பங்குனியில் ரப்பர் தளிர்க்கிற நேரத்தில் வாரத்துக்கு வாரம் இந்த வேலை இருக்கும். வயசான மனுஷன் எத்தனை நாள் ஒற்றையாகச் சமாளிப்பார்? பெற்றவர் தொழிலைப் பிள்ளை கட்டாயம் எடுத்துச் செய்யவேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அவர் தேனை விற்றுத்தான் பிழைப்பேன் என்று கிளம்பியவன், தேன் எடுக்கும் நாளில் பக்கத்தில் நிற்காமல் இருப்பது தப்பு. வேறு வார்த்தை எனக்குத் தெரியாது.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன், அதுவும் அப்பா விஷயமும் ஒன்றுதான். இந்த ஸ்டோரி வடிவம் 2018-இல் ஏ.எம்.பி. ஸ்டோரீஸ் என்ற பெயரில் வந்து, 2020-இல் வெப் ஸ்டோரீஸ் என்று பெயர் மாறி, அந்த அக்டோபரில் டிஸ்கவரில் இந்தியா, அமெரிக்கா, பிரேசில் என்று மூன்று நாட்டில் கூகுள்காரர்கள் இதற்குத் தனி வரிசை கொடுத்தார்கள். நம் ஊரில் பலருக்கும் கூட்டம் வந்தது அப்படித்தான். 2024 தொடக்கத்தில் கூகுள் இமேஜஸில் இவை வருவதை நிறுத்தினார்கள், தேடல் பக்கத்தில் கட்டம் கட்டமாகக் காட்டியதையும் எடுத்துவிட்டார்கள். வாசல் சுருங்கிவிட்டது, நீ மூன்றை முப்பதாக்கினாலும் அது அகலப்போவதில்லை. அதோடு டிஸ்கவரில் வந்தவர்கள் உன்னைத் தேடி வந்தவர்களும் இல்லை, போனைத் திறந்தபோது கூகுள் அவர்கள் கண்முன் நீட்டியது. சைட்டுக்கு ஆட்கள் எந்த வழியாக வந்தார்கள் என்று கூகுள் காட்டும் சர்ச் கன்சோலில் டிஸ்கவருக்கும் தேடலுக்கும் தனித்தனிக் கணக்கு இருக்கிறது, தேடல் கணக்கைத் திறந்து பார், அங்கே ஆரம்பத்திலிருந்தே பெரிதாக ஒன்றும் இருந்திருக்காது.

அப்புறம் அந்த ஆறு பக்கம். பாதிக் கதையைச் சொல்லி மீதிக்கு லிங்க் கொடுக்காதே, ஸ்டோரிக்குள்ளேயே முழுசாகச் சொல் என்று கூகுளே எழுதி வைத்திருக்கிறது. ஒரு பக்கத்துக்கு 280 எழுத்துக்குள், வீடியோ 15 நொடிக்குள், தலைப்பு 70 எழுத்துக்குள் இருந்தால் நல்லது, முகப்புப் படம் 640க்கு 853 பிக்சலுக்குக் குறையக்கூடாது. இதெல்லாம் ஒரு மத்தியானத்தில் சரிசெய்துவிடலாம்.

அப்படிச் சரிசெய்ய முடியாதது உன் படம். லிங்க் அனுப்பியிருந்தாய், பார்த்தேன். முதல் பக்கத்தில் வெள்ளை அங்கி போட்ட வெளிநாட்டுக்காரர், கையில் பெரிய சட்டம், பின்னால் மஞ்சள் பூ வயல். கீழே 'எங்கள் மார்த்தாண்டம் தேன்' என்று எழுதியிருக்கிறாய். மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. மூலமாக நூறு வருஷத்துக்கு முன்னால் மக்களுக்குக் கற்றுக்கொடுத்த தொழில் இது. நம் பெட்டி சின்னது, நம் தேனீயும் சின்னது, எறும்பு ஏறாமல் காலடியில் தண்ணீர்க் கிண்ணம் வைத்து ரப்பர் மரத்துக்கு நடுவில் நிறுத்தியிருப்போம். தேன் வாங்குகிறவனுக்கு முதல் சந்தேகமே இது அசல்தானா என்பது. அவன் முன்னால் கடன் வாங்கிய படத்தைக் காட்டி, அடுத்தவன் உரிமையையும் எடுத்துக்கொண்டு, உன் அப்பாவின் தேனை நீயே போலியாக்கிவிட்டாய், தம்பி. எனக்குக் கோபம் வந்தது இந்த இடத்தில்தான்.

அப்பாவிடம் போன் பண்ணித் தேன் கேட்கிறவர்கள் என்ன கேட்கிறார்கள் என்று பக்கத்தில் இருந்து கேட்டிருக்கிறாயா? தேன் உறைந்துவிட்டதே, சர்க்கரை கலந்ததா? ரப்பர் தேனில் ரப்பர் வாடை வருமா? இதைத்தான் ராத்திரி போனில் தட்டித் தேடுகிறார்கள். ரப்பர் தேன் பூவிலிருந்து வருவதில்லை, தளிர் இலைக்காம்பில் சுரக்கிற துளியிலிருந்து வருகிறது என்பது இந்த ஜில்லாவுக்கு வெளியே எத்தனை பேருக்குத் தெரியும்? விடிகாலையில் அந்தக் காம்பை அப்பா விரலால் பிடித்துக் காட்டட்டும், நீ போனை நெடுக்காகப் பிடித்து எடு. அதில் தேனீ வந்து உட்காருவது ஒரு பக்கம், மெழுகு சீவுவது ஒரு பக்கம், மிஷினின் அடியில் தேன் நூலாக இறங்குவது ஒரு பக்கம் என்று பத்துப் பன்னிரண்டு பக்கத்தில் ஒரு கேள்விக்கு முழுப் பதில். இதையே கட்டுரையாகவும் சைட்டில் எழுதிப் போடு, தேடி வருகிறவர்கள் நின்று படிப்பது அதைத்தான். மாசத்துக்கு இரண்டு செய்தால் போதும்.

சிக்னல் இல்லை என்ற கதையெல்லாம் வேண்டாம். எடுப்பது வீட்டில், ஏற்றுவது வாரம் ஒருமுறை குலசேகரம் பஜாரில் உட்கார்ந்து. அந்த ரூமைக் காலி செய், வாடகை மிச்சம். வீட்டுக்குப் போன அன்று லேப்டாப்பைத் திறக்காதே, பெட்டி வாங்கியவர் யார் என்று அப்பாவிடம் கேள், பக்கத்து ஊர்க்காரராக இருந்தால் இரண்டு பேருமாகப் போய்ப் பாருங்கள். நாற்பதும் திரும்பக் கிடைக்காது, பத்துப் பெட்டியாவது கிடைக்குமா என்று பார். கிடைத்ததும் எனக்கு எழுது, இந்த முறை அடைப்புக்குறி இல்லாமல்.