60 கிகாஹெர்ட்ஸ் இணைப்புக்கு லென்ஸ் ஆண்டெனா: அளவுகளை எப்படி முடிவு செய்வது?

100 மி.மீ. விட்டமுள்ள டெஃப்லான் லென்ஸை எடுத்துக்கொள்வோம். 60 கிகாஹெர்ட்ஸில் அலைநீளம் 5 மி.மீ. ஆண்டெனாவின் செயல்திறன் 50 சதவீதம் என்றாலே சுமார் 33 டெசிபெல் கெயின் (ஒரே திசையில் சிக்னலைக் குவித்து வலுவாக்கும் அளவு) கிடைக்கும். பீம் (வெளியேறும் அலைக்கற்றை) அகலம் ஏறக்குறைய 3.5 டிகிரி.

லென்ஸின் குவியத்தில் நின்று அதற்கு அலையை ஊட்டும் கூம்பு வடிவச் சிறு ஆண்டெனாதான் ஹார்ன். ஹார்னைப் பார்க்கும் முகம் ஹைப்பர்போலா வளைவு, வெளிமுகம் தட்டை. குவியத்திலிருந்து வளைவின் உச்சிக்கு 100 மி.மீ. வைத்தால், டெஃப்லானின் விலகல் எண் (அலை அதனுள் எத்தனை மடங்கு மெதுவாகிறது என்ற அளவு) 1.45க்கு நடுத்தடிமன் 21.9 மி.மீ. வரும். சரிபார்ப்பது எளிது: குவியத்திலிருந்து விளிம்புக்கு உள்ள தூரமும் 100 + 1.45 × 21.9 என்ற கணக்கும் ஒரே 131.8 மி.மீ. ஆக வேண்டும். விளிம்பு 22 டிகிரியில் விழுகிறது; அந்தக் கோணத்தில் மையத்தைவிட 10 முதல் 12 டெசிபெல் குறையும் ஹார்னைத் தேர்ந்தெடுங்கள்.

பலரும் சறுக்குவது தட்டை முகத்தில்தான். அங்கே பிரதிபலிக்கும் 3.4 சதவீத ஆற்றல் வந்த வழியே ஹார்னுக்குள் திரும்பிவிடும். 1.04 மி.மீ. ஆழத்துக்கு நெருக்கமாகக் குழிகள் துளைத்து, அந்த அடுக்கின் சராசரி விலகல் எண்ணை 1.2க்குக் கொண்டுவந்தால் இது பெரிதும் அடங்கும். குழிகளின் இடைவெளி 2 மி.மீ.க்குள் இருக்கட்டும்.

ஹார்னின் கட்ட மையம் (அலைகள் கிளம்புவதுபோல் தோன்றும் புள்ளி) பெரும்பாலும் வாய்க்குச் சற்று உள்ளே இருக்கும். ஆகவே வாயையே குவியத்தில் வைத்து இறுக்கிவிடாதீர்கள். முன்னும் பின்னும் நகர்த்தி, சிக்னல் உச்சத்தில் நிறுத்துங்கள். பக்கவாட்டில் 2 மி.மீ. விலகினாலே பீம் சுமார் 1 டிகிரி திரும்பிவிடும்.

பிஎல்ஏ (முப்பரிமாண அச்சில் பரவலாகப் பயன்படும் பிளாஸ்டிக்) கொண்டு லென்ஸை முப்பரிமாண அச்சில் எடுக்க வேண்டாம்: இழப்பு அதிகம், உள்ளே காற்றறை விழுந்தால் விலகல் எண்ணும் மாறிவிடும்.