முடிச்சு விழுந்த தக்காளி வேர்

கேள்வி: உசிலம்பட்டிப் பக்கம் ஒரு ஏக்கரில், வெண்டை முடிந்ததும் ரோட்டவேட்டர் ஓட்டி, மாசியில் தக்காளி நட்டேன். ‘உயிரித் தொழில்நுட்ப விதை, நூற்புழு அண்டாது’ என்று கடைக்காரர் இரு மடங்கு விலைக்குக் கொடுத்தார். இப்போது பங்குனிக் கடைசியில் செடிகள் பகலில் வாடுகின்றன, வேரெல்லாம் முடிச்சு. விதை போலியா? பி.டி. பருத்தி போல மரபணு மாற்றிய தக்காளி எங்கே கிடைக்கும் ஐயா?

பதில்: நீங்கள் கொடுத்தனுப்பிய செடியின் வேரைக் கழுவிப் பார்த்தேன். முடிச்சு கிள்ளினால் உதிரவில்லை, வேரே புடைத்திருக்கிறது. வேர்முடிச்சு நூற்புழுதான்; கண்ணுக்குத் தெரியாமல் மண்ணில் இருந்து வேருக்குள் புகும் நுண்புழு இது.

மரபணு மாற்றிய தக்காளி நம் நாட்டில் அனுமதி பெற்று விற்பனைக்கு வரவில்லை. 2002இல் வந்த பி.டி. பருத்தி காய்ப்புழுவுக்கானது, நூற்புழுவுக்கானதல்ல.

விதை போலி என்று சொல்ல மாட்டேன். எதிர்ப்புத் தக்காளிகளில் பெரும்பாலும் இருப்பது ‘எம்.ஐ.’ மரபணு. 1940களில் காட்டுத் தக்காளியோடு இனக்கலப்பு செய்து, விதையாகாத கருவை ஆய்வுக்கூடத்தில் வளர்த்துக் கொண்டுவந்தது. மண் சூடு 28 டிகிரியைத் தாண்டினால் அதன் எதிர்ப்பு தளர்ந்துவிடும். பங்குனியில் நம் பக்கத்து மண் அதற்குள் நிற்குமா? அதை மறைத்து இரு மடங்கு விலை வாங்கியது அநியாயம். அடுத்து அவர் குருணை மருந்தை நீட்டுவார். காய் பறிக்கும் வயலில் அதைப் போடவே போடாதீர்கள்.

புழு எங்கிருந்து வந்தது என்று நீங்கள் கேட்கவில்லை. வெண்டையும் இதே புழுவுக்குத் தீனி. முடிச்சு விழுந்த வெண்டை வேரை ரோட்டவேட்டர் நறுக்கி ஏக்கர் முழுவதும் தூவிவிட்டது. ஒரு பெண் புழு நூற்றுக்கணக்கில் முட்டையிடும். கடைசிப் பறிப்பு முடிந்ததும் மண்வெட்டியால் தோண்டி, வேரோடு எடுத்து எரித்தாக வேண்டும். இருபது வருடமாக இதைத்தான் சொல்லி வருகிறேன். ஆள் கூலிக்குப் பயந்து யாரும் செய்வதில்லை. அந்தக் கூலி, நீங்கள் விதைக்குக் கூடுதலாகக் கொடுத்த பணம் போல வீணாகாது.

இந்தத் தக்காளியையும் அப்படியே எடுங்கள். சித்திரை, வைகாசி வெயிலில் இரண்டு மூன்று உழவு போட்டுக் காயவிடுங்கள். ஆடியில் காய்கறி வேண்டாம், வயல் முழுக்கச் செண்டுமல்லி போடுங்கள். வரப்பில் நாலு செடி வைப்பதால் பயனில்லை. அதன் வேருக்குள் நுழையும் நூற்புழு பெருக முடியாது; பூவை விற்க மதுரை மாட்டுத்தாவணிப் பூச்சந்தை இருக்கிறது. பிறகு காய்கறி நடும்போது ஏக்கருக்கு 100 கிலோ வேப்பம் பிண்ணாக்கை அடியுரமாக இடுங்கள்.

நடுவதற்கு முன் வயலில் பத்து இடத்தில் ஒரு சாண் ஆழ மண் எடுத்து, ஈரம் காயாமல் பையில் கட்டி, ஒத்தக்கடை வேளாண் கல்லூரியில் காட்டுங்கள்.