ஒரு போன் இன்டர்வியூவை வைத்துத் தம்பியின் வழியை மாற்ற வேண்டாம்

அம்மா, வணக்கம்.

கொடைக்கானல் மலையில் பூம்பாறை வீட்டிலிருந்து தம்பி பேசிய போன் இன்டர்வியூ ஏன் அப்படிப் போனது என்று கேட்டிருக்கிறீர்கள். சாப்ட்வேர் வேலையே வேண்டாம், குரூப் 4-க்குப் படி என்று சொல்லிவிடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இரண்டாவதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வேண்டாம், இந்த ஒரு அழைப்பை வைத்து அந்த முடிவை எடுக்காதீர்கள். அரசு வேலைக்குப் படிப்பது நல்ல விஷயம்தான். ஆனால் அதற்கு ஆசைப்பட்டுப் போக வேண்டும், இங்கே மனம் நொந்துபோய் அங்கே ஒதுங்கக் கூடாது.

நடந்ததை நீங்கள் எழுதியபடியே எடுத்துக்கொள்கிறேன். 3 மணிக்கு வர வேண்டிய அழைப்பு நாலரைக்கு வந்திருக்கிறது. வீட்டுக்குள் சிக்னல் நிற்காததால் தம்பி மொட்டை மாடிக்கு ஓடியிருக்கிறான். அங்கே காற்று. நடுவில் லைன் அறுந்திருக்கிறது. கேட்டவர் 'ஹேஷ்' (தகவலைச் சட்டென்று தேடி எடுக்கும் முறை) பற்றிக் கேட்க, இவன் காதில் அது 'கேச்' (அடிக்கடி வேண்டிய தகவலைக் கைக்கெட்டும் இடத்தில் வைக்கும் தற்காலிக நினைவகம்) என்று விழுந்து, அதைப் பற்றி விளக்கிக்கொண்டே போயிருக்கிறான். "இதுகூடத் தெரியாதா" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். தாமதமாக அழைத்தவர் "இப்போது பேச வசதியா" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். கேட்காதது அவர் குறை, அந்த வார்த்தையும் அவர் குறை. இதைத் தம்பியிடம் நீங்கள் வாய்விட்டுச் சொல்லுங்கள். எல்லாமே தன் தப்பு என்று அவன் நினைத்துக்கொண்டிருப்பான்.

காதில் தப்பாக விழுந்ததற்கும் காரணம் உண்டு. பழைய வகைப் போன் இணைப்பு ஏறத்தாழ 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலியைத்தான் கடத்தும். 'எஸ்', 'எஃப்' போன்ற எழுத்துகளைப் பிரித்துக் காட்டும் ஒலியில் பெரும்பங்கு அதற்கு மேலே இருக்கிறது. இரு பக்கமும் 4ஜி அழைப்பாக இருந்தால் 7,000 ஹெர்ட்ஸ் வரை போகும், பேச்சு தெளிவாகக் கேட்கும். மலையில் சிக்னல் குறைந்தால் சில நெட்வொர்க்குகளில் அழைப்பு பழைய வகையான 2ஜிக்கு இறங்கிவிடும். காற்றும் சேர்ந்தால் சொல்லின் முதல் எழுத்தே காணாமல் போகும். அதனால் கேள்வியைத் திருப்பிச் சொல்லி உறுதி செய்துகொண்டு பதில் சொல்வதைத் தம்பி பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். "ஹேஷ் டேபிள் பற்றித்தானே கேட்கிறீர்கள்?" என்று கேட்க ஐந்து விநாடி போதும்.

அடுத்த முறை மொட்டை மாடி வேண்டாம். கொடைக்கானல் டவுனில் பிராட்பேண்ட் இருக்கும் சொந்தக்காரர் வீடு ஏதாவது இருந்தால் அன்று அங்கே போய் உட்காரட்டும். போன் செட்டிங்கில் வைஃபை காலிங் என்று ஒன்று இருக்கும். சிம் நிறுவனம் அந்த வசதியைத் தந்தால் அதே நம்பருக்கு வரும் அழைப்பு வைஃபை வழியாக வரும். பிளைட் மோடு போட்டு வைஃபையை மட்டும் ஆன் செய்தால் டவரைத் தேடி அலையாது. முந்தின நாளே ஒருமுறை பேசிப் பார்க்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கரண்ட் போகும் என்பது உங்களுக்கே தெரியும், ரவுட்டருக்கு இன்வெர்ட்டர் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்த நிறுவனத்துக்கும் இன்றே ஒரு மெயில் போடட்டும். லைன் அறுந்ததால் கேள்வி சரியாகக் கேட்கவில்லை, இன்னொரு முறை பேச வாய்ப்புத் தர முடியுமா, இன்ன நாளில் நல்ல இணைப்பில் இருப்பேன் என்று மூன்று வரி போதும். கேட்டவர் பேசிய விதத்தைப் பற்றி அதில் எதுவும் வேண்டாம். பதில் வராமலும் போகலாம், அதற்காகக் காத்திருக்காமல் மற்ற இடங்களுக்கு விண்ணப்பிக்கட்டும்.

தம்பி திருத்திக்கொள்ள வேண்டியதும் ஒன்று இருக்கிறது. யோசிக்கும்போது அவன் பேசாமல் இருந்துவிட்டான் என்று எழுதியிருக்கிறீர்கள். நேரில் என்றால் முகத்தைப் பார்த்து, யோசிக்கிறான் என்று புரிந்துகொள்வார்கள். போனில் அந்த மௌனம் 'தெரியவில்லை' என்றே போய்ச் சேரும். யோசிப்பதை வாய்விட்டுச் சொல்லப் பழக வேண்டும்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். பூண்டு மூட்டைகளுக்கு 1 முதல் 100 வரை எண் போட்டு வடுகபட்டி சந்தைக்கு அனுப்புகிறீர்கள், இறக்கும்போது ஒன்று குறைகிறது. எந்த எண் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இன்டர்வியூவில் அடிக்கடி வரும் கேள்விதான் இது. முதலில், "ஒன்றுதான் குறைகிறதா? எண்கள் வரிசையாக இருக்கின்றனவா?" என்று கேட்க வேண்டும். அப்புறம், "ஒவ்வொரு எண்ணையும் பட்டியல் முழுக்கத் தேடலாம், ஆனால் அது மெதுவானது" என்று எளிய வழியைச் சொல்ல வேண்டும். அடுத்து, "1 முதல் 100 வரை கூட்டினால் 5,050. இருப்பதைக் கூட்டிக் கழித்தால் குறைந்த எண் கிடைக்கும், பட்டியலை ஒருமுறை பார்த்தால் போதும்" என்று நல்ல வழிக்கு வரலாம். எண்கள் ஒரு லட்சம் வரை போனால் கூட்டுத்தொகை 500 கோடியைத் தாண்டும், புரோகிராமில் முழு எண்ணை வைக்கும் வழக்கமான இடமான 32 பிட் இன்ட்டில் அடங்காது, இன்னும் பெரிய எண்ணைத் தாங்கும் டேட்டா டைப் வேண்டும் என்று அவனே சொன்னால் எதிரில் இருப்பவர் நிமிர்ந்து உட்கார்வார்.

இதற்கு உங்களையே துணைக்கு அழைக்கிறேன். நீங்கள் ஒரு அறையில், அவன் ஒரு அறையில் இருந்து போனில் பேசுங்கள். அவன் சொல்வது புரியாவிட்டாலும் பரவாயில்லை, எங்கே பேச்சு நிற்கிறது என்று மட்டும் குறித்துச் சொல்லுங்கள். முதலில் தமிழில் சொல்லட்டும், அப்புறம் அதையே ஆங்கிலத்தில். இலக்கணப் பிழை வந்தால் வரட்டும், விஷயம் சரியாக இருந்தால் பெரும்பாலும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

ரெஸ்யூமில் 'மெஷின் லேர்னிங்' என்று போட்டிருக்கிறான். ஒரு வார வகுப்பில் கேட்டது மட்டும் என்றால் எடுத்துவிடச் சொல்லுங்கள். அதில் எழுதிய ஒவ்வொரு சொல்லிலிருந்தும் கேள்வி வரும். கல்லூரியில் அவனே செய்த பிராஜெக்டை மேலே கொண்டுவரட்டும், அதைப் பற்றி எவ்வளவு கேட்டாலும் பேசுவான்.

வேலை உறுதி, டெபாசிட் கட்டுங்கள் என்று இந்த நேரத்தில் யாராவது போன் செய்தால் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். திருத்திய ரெஸ்யூமையும், அவன் அடுத்து விண்ணப்பிக்கும் வேலையின் விளம்பரத்தையும் எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். எந்தப் பாடங்களை முதலில் திருப்பிப் பார்க்க வேண்டும் என்று குறித்து அனுப்புகிறேன்.